மேட்டில் இன்ஜின் அலறுகிறது, வண்டி ஏறவில்லை

கூடலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "2006 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ் வைத்திருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் திராட்சைப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு லோயர் கேம்ப் வழியாகக் குமுளி ஏறுகிறேன். ஒரு மாதமாக, வளைவு திரும்பி ஆக்சிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது. அதற்குச் சற்று முன்புதான் ஆயில் மாற்றினேன். கிளட்ச் பிளேட் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடவா?"

கொஞ்சம் பொறுங்கள். கடைசியில் பிளேட்டில் போய் முடியலாம். ஆனால் இன்ஜினைத் திறக்காமலே பார்க்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. அதில் ஒன்றை உங்கள் கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள்.

முதலில் இது கிளட்ச்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காலியான சமதள ரோட்டில் டாப் கியரில் முப்பது, முப்பத்தைந்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுசாகத் திறங்கள். உங்கள் வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். சத்தம் சட்டென்று ஏறி, ஸ்பீடாமீட்டர் முள் அசையாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. சத்தமும் ஏறாமல் வண்டி மந்தமாக இழுத்தால் கார்புரேட்டரையோ கம்ப்ரஷனையோ பார்க்க வேண்டும். 'கடக் கடக்' என்று உதறினால் செயின் ஸ்பிராக்கெட்.

கிளட்ச்தான் என்றால் லீவரைப் பாருங்கள். பிளேட்டுகளை ஸ்பிரிங்தான் எப்போதும் அழுத்திப் பிடித்திருக்கிறது. கேபிளை இழுத்தால் அந்தப் பிடி விடும். கேபிள் எப்போதுமே விறைப்பாக இருந்தால், லீவரைப் பாதி பிடித்தபடியே மலை ஏறுவதும் அதுவும் ஒன்றுதான். லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ப்ளே, அதாவது கேபிள் இழுபடும் முன் சும்மா ஆடும் இடைவெளி, இருக்க வேண்டும். இன்ஜின் பக்கம் கேபிள் முடியும் இடத்தில் லாக் நட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். அப்புறம் ஹேண்டிலை இந்தக் கடைசி, அந்தக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். நேராக இருக்கும்போது ப்ளே இருந்து, திருப்பினால் காணாமல் போகிறதா? கேபிள் எங்கேயோ மாட்டி இழுபடுகிறது. நீங்கள் வளைவு திரும்பும்போது என்று சொன்னதால் இதைக் கட்டாயம் பாருங்கள். கேபிளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் புதிதாகவே போட்டுவிடுங்கள்.

அடுத்தது ஆயில். என் சந்தேகம் இங்கேதான். காரில் கிளட்ச் தனியாக, ஆயில் படாமல் இருக்கும். உங்கள் வண்டியில் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கின்றன. கார் ஆயில்கள் பலவற்றில் மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்ந்திருக்கும். அது பிளேட்டுக்குப் போனால் பிடி போய்விடும். நானே ஒரு முறை, வீட்டில் மிஞ்சிய கார் ஆயிலை வீணாக்குவானேன் என்று பைக்கில் ஊற்றிவிட்டு, கம்பம்மெட்டு ஏற்றத்தில் வண்டியை இறங்கித் தள்ளியிருக்கிறேன். வழக்கமான சிக்கனம்! டப்பாவின் பின்புறம் 10டபிள்யூ-30 என்ற ஆயிலின் அடர்த்தி அளவோடு, ஜாசோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற பைக் ஆயில் தரக் குறியீடும் இருக்கிறதா பாருங்கள். எம்பி என்றிருப்பது ஸ்கூட்டருக்கு, உங்களுக்கு ஆகாது. தவறான ஆயில் என்றால் சூடாக இருக்கும்போதே வடித்துவிட்டு, சரியானதை ஊற்றி நூறு, இருநூறு கிலோமீட்டர் சுமையில்லாமல் ஓட்டி, மறுபடி ஒரு முறை மாற்றுங்கள். எனக்கு இரண்டாவது மாற்றலில்தான் சரியானது. அதிக நாள் வழுக்கவிட்டு பிளேட் கருகியிருந்தால் இது உதவாது.

ப்ளே வைத்த சில நாளிலேயே மறுபடி குறைந்துகொண்டே வந்தால், பிளேட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது திறக்கத்தான் வேண்டும். திறந்தால் கார்க் பிளேட்டோடு (உராய்ந்து பிடிக்கும் பிளேட்) ஸ்பிரிங்கும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். தளர்ந்த ஸ்பிரிங் புதுப் பிளேட்டையும் வழுக்க விடும். நடுவில் இருக்கும் இரும்புப் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்க்கலாம், ஆடினால் வளைந்திருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்தது, அதுவும் போக வேண்டியதுதான். புதிய பிளேட்டை ஓர் இரவு இன்ஜின் ஆயிலில் ஊறப்போட்டு மாட்ட வேண்டும். காய்ந்தபடி மாட்டினால் முதல் ஏற்றத்திலேயே கருகிவிடலாம். வலது கவரைக் கழற்றியிருக்கும்போதே அங்குள்ள சுழல் ஆயில் ஃபில்டரையும் துடைத்துவிடச் சொல்லுங்கள். சேறு மாதிரி அப்பியிருக்கும்.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் குமுளி ரோட்டில் வரிசைகட்டும்போது, மேட்டில் அரை கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி வைப்பது பலருக்குப் பழக்கம். அப்போதும் பிளேட் வழுக்கித் தேய்கிறது. நியூட்ரலில் போட்டு பிரேக்கில் நில்லுங்கள்.

வேலை முடிந்ததும் கழற்றிய பிளேட்டுகளைக் கேட்டு வாங்கிப் புதியதோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். தடிமன் ஒன்றாகவே இருந்து, கருகாமலும் இருந்தால், ஆயிலை மாற்றியிருந்தாலே போதுமாக இருந்திருக்கலாம்.