தோட்டத்து இட்டேரியில் (இருபுறமும் வேலியுள்ள பாதையில்) காலையில் கிடக்கும் கால்தடம் சிறுத்தையுடையதா, நாயுடையதா என்று எப்படி உறுதி செய்வது?

நகம் பதிந்திருக்கிறதா என்றுதான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். நாய்க்கு நகம் பதியும், சிறுத்தைக்குப் பதியாது என்பது பொதுவாகச் சரி. ஆனால் காய்ந்து இறுகிய செம்மண்ணில் நாய் நகமும் பதியாமல் போகும். மழைக்குப் பின் சரிவில் வழுக்கினால் சிறுத்தையும் நகத்தை ஊன்றும். அதனால் நகத்தை விட்டுவிட்டு, நடுவிலுள்ள மெத்தையை, அதாவது விரல்களுக்குப் பின்னாலுள்ள உள்ளங்கால் சதையின் பதிவைப் பாருங்கள்.

சிறுத்தையின் மெத்தை விரல்களைவிட மிகப் பெரிது. அதன் பின்விளிம்பில் மூன்று புடைப்புகள் தெரியும். விரல்கள் நீர்த்துளி போல இருக்கும், நடு விரல் இரண்டில் ஒன்று சற்று முன்னே நிற்கும். நாயின் மெத்தை சிறியது, முக்கோணம் போன்றது; நடு விரல்கள் சமமாக நிற்கும். நாய்த்தடத்தில் மெத்தைக்கும் விரல்களுக்கும் நடுவே ஒரு பெருக்கல் குறியை மெத்தையில் படாமல் போடலாம். சிறுத்தைத் தடத்தில் போட்டால் கோடு மெத்தையை வெட்டும்.

நீலகிரி, சத்தியமங்கலம் காடுகளுக்கு நடுவே ஓடும் மாயாற்றுப் பக்கம் தோட்டம் இருந்தால் கழுதைப்புலியையும் நினைவில் வையுங்கள். அதற்கும் நகம் பதியும். முன்னங்கால் தடம் பின்னங்காலைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்கும்.

அகலம் சுமார் 4–5 செ.மீ. என்றால் காட்டுப்பூனை, 7–9 செ.மீ. என்றால் சிறுத்தை, 12 செ.மீ.க்கு மேல் போனால் புலி. புலிக்குட்டியின் தடம் சிறுத்தை அளவில் இருக்கும் என்பதால், பக்கத்தில் தாயின் பெரிய தடம் உண்டா என்றும் தேடுங்கள். அளக்கும்போது தடத்தின் அடிப்பரப்பை மட்டும் அளக்க வேண்டும். சேற்றில் தடம் விரியும், புழுதியில் விளிம்பு சரியும். வெளிவிளிம்பை அளந்தால் சிறுத்தை புலியாகிவிடும். சிறுத்தை முன்னங்கால் தடத்தின் மேலேயே பின்னங்காலை வைத்தும் நடக்கும். அப்போது ஒரே தடம் நீண்டு தெரியும், அதை அளக்காதீர்கள்.

தற்செயலாகக் கிடைக்கும் ஒரு தடத்தை நம்புவதைவிட, தடம் பதிய இடம் தயார் செய்வதே நல்லது. இட்டேரியிலோ கிளுவை வேலியின் சந்திலோ, வழியின் முழு அகலத்துக்கு, 2 மீட்டர் நீளத்தில் கல் பொறுக்கி நிரவுங்கள். மேலே சலித்த மண்ணை ஒரு செ.மீ. கனத்துக்குத் தூவி, பலகையால் இழுத்துச் சமன்படுத்துங்கள். அதற்கு மேல் கனம் போட்டால் கால் புதைந்து விரல்கள் கலைந்துவிடும். கட்டைவிரலை லேசாக அழுத்திப் பாருங்கள். ரேகை தெரிந்தால் பதம் சரி, உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். மாலை 5 மணிக்குச் செய்து, மாடுகள் நடப்பதற்கு முன், காலை 7 மணிக்குள் பாருங்கள். சாய்வெயிலில் விளிம்பு நிழல் விழுந்து தடம் துலங்கும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும்; அப்போது குடையால் நிழல் கொடுத்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள்.

தடத்தைத் தொடர்ந்து புதருக்குள் போகாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். தடத்தை வைத்து எத்தனை சிறுத்தை என்று எண்ணவும் வேண்டாம். தடத்தை வைத்துப் புலிகளை எண்ணியதில் பிழை மலிந்ததால்தான் 2006-ல் நாடு தழுவிய கணக்கெடுப்பு தானியங்கிக் கேமராவுக்கு மாறியது.

அச்சு எடுக்க, தடத்தைச் சுற்றி அட்டை வளையம் ஊன்றுங்கள். ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தூளைத் தூவிக் கலக்குங்கள். தூளின் மேல் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். நேராகத் தடத்தில் கொட்டாமல் ஓரத்தில் கரண்டியால் விட்டு, தானே பரவ விடுங்கள். அரை மணி நேரத்தில் இறுகும். முழுக்க இறுகுமுன், தேதி, இடம், எந்தத் திசைக்குப் போனது என்பதை அச்சின் முதுகில் ஆணியால் கீறிவிடுங்கள்.