ஹெல்லாஸ் பள்ளத்தின் மாதிரி: எதை முதலில் செய்வது?

கேள்வி: பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்குச் செவ்வாயின் ஹெல்லாஸ் பள்ளத்தை நாலடிச் சதுர ரெஜிபோமில் செய்கிறோம். எவ்வளவு ஆழம் குடைய வேண்டும்? எந்த ஒழுங்கில் செய்வது? நடுவில் நீலத் தண்ணீர் விடலாமா? (ஆசிரியை, கோண்டாவில்)

பதில்: 1 செமீ = 25 கிமீ என்று வையுங்கள். 2,300 கிமீ அகலம் 92 செமீ ஆகும். விளிம்பில் உள்ள எரிமலைக்கும் இடம் மிஞ்சும். விளிம்பிலிருந்து அடித்தளம் சுமார் 9 கிமீ கீழே. இந்த அளவுத்திட்டத்தில் அது 4 மில்லிமீற்றர்கூட வராது. அதனால் ஆழத்தைப் பத்து மடங்காக்கி 3.6 செமீ எடுங்கள்; அதை எழுதி ஒட்டாவிட்டால் நடுவர் கட்டாயம் கேட்பார். மேலே 3 மிமீ பரிசுச் சாந்து (பிளாஸ்டர் ஒவ் பரிஸ்) வரும் என்பதால் 3.9 செமீ குடையுங்கள். கிண்ணம்போல் நடுவை ஆழமாக்குவதுதான் வழக்கமான பிழை. அடித்தளம் பரந்த சமவெளி. மிகத் தாழ்ந்த இடம் வடமேற்கில் இருக்கிறது.

ஒழுங்கில் பிசகினால் வரலாறே பிசகும். சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த மோதல்தான் பள்ளத்தை உண்டாக்கியது. (நம் யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லின் வயது இதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.) ஆகவே முதலில் பள்ளம். அடுத்து வடகிழக்கு விளிம்பில் ஹட்ரியாக்கஸ் எரிமலை: 18 செமீ அகலம், உயரம் அரை செமீக்கும் குறைவு. பிள்ளைகள் கூம்பாகக் குவிப்பார்கள், விடாதீர்கள். சாந்து ஈரமாக இருக்கும்போதே அதன் தென்சரிவை வெட்டிக்கொண்டு டாவோ பள்ளத்தாக்கைத் தென்மேற்காகப் பள்ளத்துக்குள் இழுங்கள்; அகலம் ஒன்றரை செமீ. எரிமலையை அது வெட்டுவதால்தான் அது பிந்தியது என்று தெரிகிறது.

கிழக்கு மலையடிவாரங்களில் பனிக்கட்டி உண்டு, ஆனால் கற்குவையின் கீழே. 2008இல் ராடார் மூலம் கண்டார்கள். வெள்ளை மெழுகை வைத்து மண்ணால் மூடி, ஓரிடத்தில் மட்டும் வெட்டுமுகம் காட்டுங்கள்.

தண்ணீர் விட வேண்டாம். பழங்காலத்தில் ஏரி இருந்திருக்கலாம் என்ற கருத்து உண்டு, முடிவு இல்லை. இன்று அடித்தளத்தில் வளியமுக்கம் ஏறத்தாழ 12 மில்லிபார். 10 பாகையிலேயே தண்ணீர் கொதித்துவிடும்.

சாந்து இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு. ஒரு தடவைக்குக் கொஞ்சம் மட்டும் கரையுங்கள், இல்லாவிட்டால் வாளிக்குள்ளேயே இறுகும். காய்ந்தபின் வெள்ளைப் பசை பூசி, அரித்த செம்பாட்டு மண்ணைத் தூவுங்கள். செவ்வாய்த் தூசியைப் போலவே இதன் சிவப்பும் இரும்பு ஒட்சைட்டால் வந்தது. ஸ்பிறே பெயின்ற் அடித்தால், சாந்து படாத இடங்களில் ரெஜிபோம் கரைந்து குழி விழும்.