தனி டீச்சரிடம் பியானோ: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

வீட்டில் வைத்துப் பியானோ சொல்லிக்கொடுக்கத் தொடங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஐந்தரை வயதுக் குழந்தையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வரை படித்திருக்கிறார்கள். தனியாக ஒரு டீச்சரிடம் போய்க் கற்பது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். பியானோவைப் பழுது பார்ப்பதும் பாட்டுக்கு இசை கோப்பதும் என் துறை இல்லை. தொடங்கும் முன் ஒன்று: வாசிக்கும்போது கை வலித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். போகப் போகச் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஏழு வயது மகளின் அம்மா: அருகில் இரண்டு டீச்சர்கள் இருக்கிறார்கள். எனக்கு இசை தெரியாது. யார் நல்லவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இசை தெரியாமலே கண்டுபிடிக்கலாம். இரண்டு பேரிடமும் ஒரே ஒரு வகுப்பு பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கேளுங்கள். மகளோடு நீங்களும் அறையில் உட்காருங்கள். இவ்வளவு சின்னக் குழந்தைக்குப் பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்பவரிடம் நான் என் பிள்ளையை அனுப்பியிருக்க மாட்டேன்.

உட்கார்ந்ததும் அவர் ஸ்டூலின் உயரத்தைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். முழங்கை ஏறக்குறையக் கட்டைகளின் மட்டத்துக்கு வர வேண்டும். கால் தொங்கினால் கீழே ஒரு பலகை வேண்டும். இதைப் பார்க்காதவர் பிறகு மணிக்கட்டையும் தோளையும் பார்க்கப் போவதில்லை. அப்புறம், மகள் தப்பாக வாசிக்கும்போது என்ன நடக்கிறது? "மறுபடி வாசி" என்று மட்டும் சொன்னால் குழந்தை அதே தப்பை மறுபடி வாசிக்கும். விரல் மாறிப் போனதா, எண்ணிக்கை தவறியதா, நோட்டை (தாளில் எழுதிய ஸ்வரக் குறியை) தப்பாகப் படித்தாளா என்று தேடிப் பார்ப்பவரிடம் கொடுங்கள். அவரே ஓர் இரண்டு வரியாவது வாசித்துக் காட்டவும் வேண்டும். பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று தெரியாமல் குழந்தை எப்படி வாசிக்கும்?

கிளம்பும்போது, "இந்த வாரம் வீட்டில் இவள் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். நானாக இருந்தால் இந்தப் பதிலை வைத்தே முடிவு செய்வேன். "இந்தப் பக்கத்தை வாசித்துப் பழகட்டும்" என்பது பதிலே இல்லை. "முதல் நாலு பார் (நோட்டில் கோடு போட்டுப் பிரித்த பகுதி), வலது கை மட்டும், நான் பென்சிலில் எழுதிய விரல் எண்ணோடு, ஒன்று இரண்டு மூன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டு, தினமும்" என்று சொன்னால் அவர் டீச்சர். வாரத்தில் அவரோடு குழந்தை இருப்பது அரை மணி நேரம். மற்ற நாளெல்லாம் தனியாகத்தான் பியானோ முன்னால் உட்காரப் போகிறாள். அந்த நாட்களுக்கு வழி சொல்லிக்கொடுப்பதுதான் எங்கள் வேலையில் பெரிய பாதி.

வகுப்பைத் தவறவிட்டால் கட்டணம் உண்டா, மாற்று வகுப்பு உண்டா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். நல்ல டீச்சர்களை விட்டுப் பலர் விலகியது இந்த ஒரு தகராறில்தான்.

கல்லூரி மாணவர்: என்னிடம் 61 கட்டை கீபோர்டு இருக்கிறது. வகுப்பில் சேர அது போதுமா?

முதல் சில மாதத்துக்குப் போதும். ஆரம்பப் பாடங்கள் கட்டைகளின் நடுவில் இருக்கும் சி ஸ்வரத்தை, அதாவது நடு சி-யைச் சுற்றியேதான் இருக்கும். 88 கட்டையும் அப்போது தேவைப்படாது. கட்டை குறைவாக இருப்பதை விட, கட்டையில் எடை இல்லாமல் இருப்பதுதான் பிரச்சினை. பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி சுற்றிய ஒரு சுத்தியல் எழும்பிப் போய்க் கம்பியில் அடிக்கிறது. கட்டை கீழே போகும் தூரம் சுமார் 10 மில்லிமீட்டர். அதை இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை வேண்டும். அந்தச் சின்னத் தூரத்துக்குள் எவ்வளவு வேகமாக இறக்குகிறோம் என்பதில்தான் சத்தமும் மென்மையும் இருக்கின்றன. சாதாரண கீபோர்டில் இருப்பது ஸ்பிரிங். என்னிடம் வந்த ஒரு பையன் இரண்டு வருடம் ஸ்பிரிங் கட்டையில் வாசித்திருந்தான். என் பியானோவில் உட்கார்ந்தபோது பாதி நோட்டுகள் கேட்கவே இல்லை. அவன் தப்பாக எதுவும் வாசிக்கவில்லை, விரலுக்கு அந்த வேலை பழகவில்லை, அவ்வளவுதான். ஆறு மாதம் தாண்டியும் ஆர்வம் இருந்தால், எடையுள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோவும் ஒரு பெடலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

43 வயதுக்காரர்: இந்த வயதில் தொடங்கலாமா?

தொடங்கலாம். பெரியவர்கள் நோட்டு படிப்பதைக் குழந்தைகளை விட வேகமாகப் புரிந்துகொள்கிறார்கள். விரல்தான் பின்னால் மெதுவாக வரும். அந்த இடைவெளியில் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறவர்களே அதிகம். பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய டீச்சராகத் தேடுங்கள். குழந்தைகளின் படப் புத்தகத்தைக் கையில் கொடுப்பவர் வேண்டாம்.

ஒரு வாசகர்: ஆப் இருக்கும்போது டீச்சர் எதற்கு?

சரியான கட்டையைச் சரியான நேரத்தில் அழுத்தினீர்களா என்று ஆப் சொல்லும். தோள் காதுவரை ஏறியிருப்பதையும், நாலாவது விரல் போட வேண்டிய இடத்தில் இரண்டாவது விரலை நீட்டுவதையும் அது சொல்லாது. கை கெடுவது அங்கேதான்.

மூன்று வயதுக் குழந்தையின் அப்பா: இப்போதே சேர்க்கலாமா?

பாட்டு கேட்கட்டும், கை தட்டட்டும். ஆறு, ஏழு வயதில் வாருங்கள்.

ஒன்பது வயது மகனின் அம்மா: தினமும் அரை மணி நேரம் வாசிக்கிறான். ஆனாலும் டீச்சர் "பயிற்சி போதவில்லை" என்கிறார். என்ன தப்பு?

அரை மணி நேரம் தினமும் உட்காரும் பிள்ளையை முதலில் பாராட்டுங்கள். அவன் செய்வது அநேகமாக இதுதான்: முதல் பாரிலிருந்து கடைசி வரை ஒரு தடவை, தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து. இப்படிச் செய்தால் முதல் வரியை ஐம்பது தடவை வாசித்திருப்பான், கடைசி வரியை ஐந்து தடவை. வகுப்பில் ஆரம்பம் ஓடும், முடிவு நொண்டும்.

தலைகீழாக்குங்கள். கடைசி நாலு பாரை முதலில் எடுக்கட்டும். அது வந்ததும் அதற்கு முந்தைய நாலு பாரைச் சேர்த்து முடிவு வரை போகட்டும். ஒவ்வொரு தடவையும் தெரிந்த இடத்தை நோக்கிப் போவதால் பயம் குறையும். தடுக்கும் இடத்தை மட்டும் முன்னால் ஒரு பார், பின்னால் ஒரு பார் சேர்த்து வெட்டி எடுங்கள். வலது கை தனியாக, இடது கை தனியாக, பிறகு பாதி வேகத்தில் இரண்டும். தப்பே வராத வேகம் எதுவோ அதுதான் சரியான வேகம். ஆமை வேகமாக இருந்தாலும் பரவாயில்லை. வேகமாக வாசித்து ஏழு தடவை தப்பும் ஒரு தடவை சரியும் வந்தால், கை அந்த ஏழையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. இப்படிச் செய்தால் இருபது நிமிடமே போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவதை விடத் தினம் இருபது நிமிடம் மேல்.

நீங்கள் பக்கத்தில் நின்று திருத்த வேண்டாம். "டீச்சர் வட்டம் போட்ட இடத்தை எனக்கு வாசித்துக் காட்டு" என்று கேளுங்கள், போதும்.

இன்னொரு வாசகர்: 61 கட்டை கீபோர்டு போதுமா?

மேலே சொல்லியிருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்: வீட்டிலுள்ள பழைய அப்ரைட் பியானோவில் சில கட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன.

டியூனரைக் கூப்பிடுங்கள். நீங்களே திறந்து எண்ணெய் விடாதீர்கள்.

மூன்றாம் கிரேடு (இசைப் பரீட்சையின் மூன்றாம் படி) எழுதும் பையனின் அம்மா: வருடம் முழுக்கப் பரீட்சைக்கான மூன்று பாட்டு மட்டும்தான் நடத்துகிறார். இது சரியா?

சரியில்லை. ஒரு மொழியில் வருடம் முழுக்க மூன்றே பத்தி மனப்பாடம் செய்த பிள்ளையை, அந்த மொழி தெரிந்தவன் என்று சொல்வோமா?

ஐந்தாம் கிரேடில் டிஸ்டிங்ஷன் வாங்கிய பெண்ணின் அப்பா: மன்னிக்கவும் மேடம். பரீட்சை இல்லாவிட்டால் என் மகள் பியானோ பக்கமே போயிருக்க மாட்டாள். பரீட்சையைக் குறை சொல்வது டீச்சர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

நான் பரீட்சையைக் குறை சொல்லவில்லை சார். வருடா வருடம் பிள்ளைகளை அனுப்புகிறேன். இசைப் பரீட்சை நடத்தும் ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் அமைப்பின் பிராக்டிகல் கிரேடின் மதிப்பெண்ணைப் பாருங்கள். மொத்தம் 150. மூன்று பாட்டுக்கும் தலா 30, ஆக 90. ஸ்கேலுக்கு (ஸ்வர வரிசை) 21, சைட் ரீடிங்குக்கு (முன்பு பார்க்காத நோட்டைப் பார்த்ததும் வாசிப்பது) 21, செவிப் பயிற்சிக்கு 18. பாஸாக 100 வேண்டும். மூன்று பாட்டையும் குறையே இல்லாமல் வாசித்தாலும் அதை மட்டும் வைத்துப் பாஸாக முடியாது. மூன்று பாட்டு மட்டும் போதாது என்று பரீட்சையே சொல்கிறது, டீச்சர்தான் கேட்கவில்லை.

அதே அப்பா: 2020-லிருந்து பெர்ஃபார்மன்ஸ் கிரேடு வந்திருக்கிறதே? நாலு பாட்டை வாசித்து வீடியோ அனுப்பினால் போதும். ஸ்கேலும் இல்லை, சைட் ரீடிங்கும் இல்லை. சான்றிதழின் மதிப்பு ஒன்றுதான்.

உண்மைதான். நாலு பாட்டுக்குத் தலா 30, மொத்த நிகழ்ச்சிக்கு 30. மேடையில் வாசிப்பது போல இடைவெளியில்லாமல் நாலையும் வாசிப்பது நல்ல பயிற்சி. ஏற்கெனவே நிறையப் படித்து வாசிக்கும் பிள்ளைக்கு நான் அதைச் சொல்வேன். சைட் ரீடிங் வராததால் தப்பித்துப் போகிற வழியாக அதை எடுத்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

எட்டாம் கிரேடு முடித்தவர்: நடுவில் பேசுகிறேன். எட்டு கிரேடில் நான் கற்றது மொத்தம் 24 பாட்டு. சைட் ரீடிங்கில் எப்போதும் பாஸ் மார்க்குக்குக் கீழேதான், பாட்டிலும் ஸ்கேலிலும் ஈடுகட்டினேன். இன்று யாராவது ஒரு சின்னப் பாட்டின் நோட்டைக் கொடுத்தால் என்னால் வாசிக்க முடியாது. பழைய 24-ல் இரண்டுதான் நினைவில் இருக்கிறது. வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

டிஸ்டிங்ஷன் அப்பா: அது உங்கள் டீச்சரின் தவறு. பரீட்சையின் தவறு இல்லை.

நானும் அதைத்தான் சொல்கிறேன் சார். ஒரு தேதி இருந்தால் பிள்ளை உட்காரும் என்று நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் நானும் அனுப்புகிறேன். ஆனால் ஒரு கிரேடுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குறைந்தது பதினைந்து, இருபது சின்னப் பாட்டாவது பிள்ளை வாசித்திருக்க வேண்டும். பாதி சுலபமானதாக இருக்கட்டும். மூன்றாம் கிரேடு பையனின் அம்மா, உங்கள் டீச்சரிடம் சண்டை போடாமல், "வாரம் ஒரு புதிய சின்னப் பாட்டு சேர்க்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் பெற்றோரின் அவசரத்துக்காகவே மூன்று பாட்டோடு நிறுத்துகிறார்கள். மறுத்துவிட்டால் வேறு டீச்சர் பாருங்கள். மாறுவது துரோகம் இல்லை. ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டு, நன்றி சொல்லிப் பிரியுங்கள்.

ஒரு வாசகர்: கட்டைகளில் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டலாமா?

வேண்டாம். கண் நோட்டில் இருக்க வேண்டும். இரண்டு கறுப்புக் கட்டை, மூன்று கறுப்புக் கட்டை என்ற கூட்டத்தைப் பார்த்தாலே இடம் தெரிந்துவிடும்.

ஒரு வாசகி: 54 கட்டை கீபோர்டு?

61-க்குச் சொன்னதேதான். கட்டையை எண்ணாதீர்கள், எடையைப் பாருங்கள்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்: இரண்டு வாரமாக வலது மணிக்கட்டில் வலி. ஸ்கேலைக் குறைக்கலாமா?

குறைக்க வேண்டாம், நிறுத்துங்கள். மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்ற பிறகு டீச்சரிடம் போய், கையைப் பார்ப்பதற்கு முன் ஸ்டூலின் உயரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் விசைப்பலகையில் இருந்த கை அது, இரவில் மறுபடி வேலை கொடுக்கிறீர்கள். வலியோடு வாசித்த கை, ஆறுவதற்குப் பல மாதம் கேட்கும்.

எட்டாம் கிரேடு முடித்தவர்: இனி நான் என்ன செய்வது, டீச்சர்?

இரண்டாம் கிரேடு அளவில் ஒரு புத்தகம் எடுங்கள். கூச்சப்படாதீர்கள், உங்கள் விரல் எட்டாம் கிரேடுதான், கண் மட்டும் பின்னால் இருக்கிறது. தினம் பத்து நிமிடம், இரண்டு புதிய பாட்டு. வாசிக்கும் முன் அரை நிமிடம் சும்மா பாருங்கள்: எந்த ஸ்கேல், எத்தனை எண்ணிக்கை, கை எங்கே இடம் மாறுகிறது. பிறகு மிக மெதுவான எண்ணிக்கையில் தொடங்குங்கள். தப்பு வந்தாலும் நிற்கக் கூடாது, திரும்பிப் போய்த் திருத்தக் கூடாது. இரண்டு தடவை வாசித்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள், மெருகேற்ற வேண்டாம். புத்தகம் தீர்ந்தால் அதே அளவில் இன்னொன்று. நிற்காமல் முடிவு வரை போக முடிகிறது என்று ஆனபின் மூன்றாம் கிரேடு அளவுக்கு ஏறுங்கள். இப்போது டீச்சர் யாராவது இருந்தால், ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடத்தை இதற்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் இடது கை வாசிக்க, நீங்கள் வலது கை வாசித்தால் நிற்கவே முடியாது, சீக்கிரம் வரும்.