டிஸ்க் விலகலும் வெப்பப் படமும்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: சார், டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) விலகி இடது கால் வலிக்கிறது, ஜில்லென்றும் இருக்கிறது. தெர்மோகிராபி என்னும் வெப்பப் படம் எடுத்தால் நரம்பு அழுந்துவது தெரியுமாமே?

தெரிவது தோலின் சூடு மட்டும்தான். தோலுக்கு எவ்வளவு ரத்தம் போகவேண்டும் என்பது பரிவு நரம்புகளின் (நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் நரம்புகள்) கையில் இருக்கிறது. அவை ரத்தக் குழாயைச் சுருக்கினால் அந்த இடம் குளிரும், தளர்த்தினால் சூடேறும். அகச்சிவப்புக் கேமரா அதை நிறமாகக் காட்டுகிறது, குளிர்ந்த இடம் நீலம். நலமாக இருப்பவரின் இரண்டு பக்கங்களுக்கும் சராசரி வித்தியாசம் 0.25 டிகிரி செல்சியஸ் அளவுதான். ஆகவே ஒரு கால் ஒரு டிகிரி குளிர்ந்திருந்தால் கவனிக்க வேண்டியதுதான். ஏன் குளிர்ந்தது என்பதைப் படம் சொல்லாது. ரத்தக் குழாய் அடைப்பும் அதே நீலம், வலிக்குப் பயந்து காலை ஊன்றாமல் இருந்தாலும் அதே நீலம். முதலில் பாதத்தில் நாடித்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். சிகரெட் பிடிப்பவர் என்றால் கட்டாயம்.

இடுப்பு நரம்புவேர் (தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் அடிப்பகுதி) வலிக்கு இது பயன்படுமா என்று 1991இல் ஹாஃப்மன், கென்ட், டேயோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை தரம் குறைந்தவை. வழக்கமான பரிசோதனையாகப் பரிந்துரைக்க முடியாது என்றார்கள். 1992இல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடும் இதற்குப் பணம் தருவதை நிறுத்தியது.

கேள்வி: எந்த டிஸ்க் என்றாவது காட்டுமா?

காட்டாது. டாக்டர் கையால் அழுத்தும்போது கால் பெருவிரலைத் தூக்க முடியவில்லையா, எல்5 வேர் (இடுப்பின் ஐந்தாவது நரம்புவேர்). ஒற்றைக் காலில் நுனிவிரலில் எழும்ப முடியவில்லையா, எஸ்1 (அதற்குக் கீழே உள்ள முதல் வேர்). கையும், அனிச்சையைத் தட்டிப் பார்க்கும் ஒரு சுத்தியலும் போதும்.

கேள்வி: போனில் மாட்டும் வெப்பக் கேமரா வாங்கலாமா?

வீட்டுச் சுவரில் நீர்க்கசிவு பார்க்க வாங்குங்கள்.

கேள்வி: நான் பிசியோதெரபிஸ்ட். கொரியாவில் முதுகு வலிக்கு இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் ஒரேயடியாக ஒதுக்குகிறீர்களே?

நல்ல சண்டை, வாருங்கள். பரிவு நரம்புகள் தண்டுவடத்தை விட்டு வெளியேறுவது டி1 முதல் எல்2 வரைதான் (மார்புப் பகுதியிலிருந்து இடுப்பின் மேல்பகுதி வரை). டிஸ்க் பெரும்பாலும் விலகுவதோ அதற்குக் கீழே, எல்4-5லும் எல்5-எஸ்1லும். பாதத்தின் தோலுக்குப் போகும் பரிவு இழைகள் மேலேயே வெளியேறி, முதுகெலும்பின் பக்கவாட்டுச் சங்கிலி வழியாக இறங்கி, நரம்புவேர் வெளியேறும் எலும்புத் துளையைத் தாண்டிய பிறகுதான் அந்த வேரோடு சேர்கின்றன. அப்படியிருக்க, உள்ளே பிதுங்கும் டிஸ்க் அவற்றை நேரடியாக எப்படி அழுத்தும்?

கேள்வி: (அவரே) நேரடியாக வேண்டாம். டிஸ்கைச் சுற்றியுள்ள சைனுவெர்டிப்ரல் நரம்பு எரிச்சலுற்று, அனிச்சையாகக் குழாய்கள் சுருங்கலாமே?

சுருங்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அனிச்சை என்று சொன்னவுடன், எந்த வேருக்கு எந்தத் தோல் என்னும் உங்கள் வரைபடம் போய்விட்டது. அது எல்5 தோல்பகுதிக்குள் அடங்கி நிற்கும் என்று யார் சொன்னது? காலின் நீலத்தைப் பார்த்து வேரின் பெயரைச் சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். சிஆர்பிஎஸ் என்னும் வலி நோயில் இரு பக்கச் சூட்டு வித்தியாசம் நோய் அறியும் விதிகளிலேயே இருக்கிறது. அங்கே எடுங்கள், நானும் எடுப்பேன்.

கேள்வி: அப்படியானால் எம்ஆர்ஐதான் முடிவா?

அதுவும் தனியாக முடிவு அல்ல. 1994இல் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தபோது, பாதிப்பேருக்கு மேல் டிஸ்க் உப்பல் இருந்தது. படம், வலி, பரிசோதனை மூன்றும் ஒரே வேரைக் காட்டவேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கும் டிஸ்க். தெர்மோகிராபி எடுக்கலாமா?

முதல் பதில்.

கேள்வி: எனக்குக் கழுத்தில். எடுக்கலாமா?

முதல் பதில்தான், கழுத்துக்கும். படம் கேட்கிறீர்களே தவிர இதை யாரும் கேட்கவில்லை: சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், உட்காரும் இடம் மரத்துப்போனால், பாதத்தைத் தூக்க முடியாமல் கால் தொய்ந்தால், அன்றே மருத்துவமனை. எந்தக் கேமராவும் வேண்டாம்.

கேள்வி: வெப்பப் படத்தை மட்டும் பார்த்து ஆபரேஷன் நாள் குறித்துவிட்டார்கள். பலம் எல்லாம் சரியாக இருக்கிறது. வலி வந்து மூன்று வாரம்.

ஆபரேஷனை ரத்து செய்யுங்கள். வேறொரு டாக்டர் உங்கள் காலைத் தொட்டுப் பார்க்கட்டும். பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்களில் வலி தணிகிறது, பிதுங்கிய பகுதி தானாகச் சுருங்குவதும் உண்டு. இதற்கிடையில் நான் மேலே சொன்ன மூன்று ஆபத்து அறிகுறிகளில் ஒன்று வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள்.