கார்ட்ரிட்ஜைச் சுருக்கும்போது கழிவு டோனருக்கு எங்கே இடம்?

கேள்வி: கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் ஒன்றுக்காக, 1,500 பக்கங்கள் தரக்கூடிய கார்ட்ரிட்ஜை எங்கள் சிறு குழு வடிவமைத்துவருகிறது. லேசர் வரையும் உருவத்தில் டோனரைப் பிடித்துத் தாளுக்கு மாற்றும் உருளையான டிரம்மின் விட்டத்தை 30 மி.மீ.யிலிருந்து 24 மி.மீ.க்குக் குறைத்து, டோனர் அறையையும் கழிவு அறையையும் அதே விகிதத்தில் சுருக்கினோம். 1,000 பக்கம் தாண்டுவதற்குள் எழுத்து மங்கிவிடுகிறது. திறந்து பார்த்தால் உள்ளே டோனர் மிச்சமிருக்கிறது. சற்றுப் பிறகு தாளில் கறுப்புத் தூளும் சிந்துகிறது. எங்கே தவறினோம்?

பதில்: "அதே விகிதத்தில்" என்று எழுதியிருக்கிறீர்களே, தவறு அங்கேதான் இருக்கிறது. டிரம் சுருங்கியதால் 1,500 பக்கங்களுக்குச் செலவாகும் டோனரோ, அதில் கழிவாகும் பங்கோ சுருங்கிவிடவில்லை.

கார்ட்ரிட்ஜின் நீளத்தில் நம்மால் கை வைக்க முடியாது. ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ., லெட்டர் தாளின் அகலம் 216 மி.மீ.; டிரம்மும் ரோலர்களும் அதற்கு மேல் நீண்டே ஆகவேண்டும். ஆகவே சுருக்கம் என்பது முழுக்கக் குறுக்குவெட்டைப் பற்றிய கணக்கு. 60 கிராம் டோனர் நிரப்புவதாகக் கொள்வோம். தளர்வாகக் கொட்டிய டோனர் ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 0.4 கிராம் எடையிருக்கும் என்று வைத்தால் 150 கன செ.மீ. இடம் வேண்டும், 22 செ.மீ. நீள அறையில் அது சுமார் 7 சதுர செ.மீ. குறுக்குவெட்டு, அதாவது 26 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம். அறைக்குள் டோனரைக் கிளறும் துடுப்பான கலக்கி சுழலும்போது காற்றுப் புகுந்து டோனர் உப்பும் என்பதால் இதற்கு மேல் கால் பங்கு இடத்தை வெறுமையாக விடுவது என் வழக்கம்.

கழிவைப் பாருங்கள். டிரம்மில் படிந்த டோனரில் 90 விழுக்காடு தாளுக்குப் போகிறது என்றால், மீதியை வைப்பர் பிளேடு வழித்துக் கழிவு அறைக்குள் தள்ளுகிறது. 60 கிராமில் அது 6 கிராம்; கணக்குப்படி 15 கன செ.மீ. போதும். ஆனால் டோனர் அறையில் இருப்பதுபோல் இங்கே கலக்கி கிடையாது. வழிக்கப்பட்ட தூள், தாள்தூசியும் சேர்ந்து, பிளேடுக்குப் பின்னால் மேடாகக் குவிகிறது. அறையின் மறுகோடி காலியாக இருக்கும்போதே பிளேடின் பின்புறம் அடைத்துக்கொள்கிறது. அடைத்த குவியல் பிளேடின் விளிம்பை அழுத்த, தூள் தாளில் விழுகிறது. கணக்கில் வந்த அளவைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாத இடத்தை ஒதுக்குங்கள். முடிந்தால் தூள் தன் எடையாலேயே பிளேடை விட்டு விலகிச் சரியும்படி அறையின் தரையைச் சாய்வாக அமையுங்கள். ஒவ்வொரு வேலைக்கு முன்னும் பின்னும் டிரம் வெறுமனே சில சுற்றுகள் சுற்றுவதால், ஒவ்வொரு பக்கமாக அச்சிடுபவரிடம் கழிவு இன்னும் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கார்ட்ரிட்ஜ் எத்தனை பக்கம் தரும் என்று அளப்பதற்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 19752 தரநிலைப்படி தொடர்ச்சியாக அச்சிட்டுப் பெறும் பக்க எண்ணிக்கை இதைக் காட்டாது.

இந்த 90 விழுக்காட்டை என் சொல்லுக்காக நம்ப வேண்டாம், நீங்களே அளந்துவிடலாம். 0.1 கிராம் காட்டும் தராசில் கார்ட்ரிட்ஜை நிறுத்து, 200 பக்கம் அச்சிட்டு, மறுபடி நிறுத்துங்கள். கழிவு கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே தங்கிவிடுவதால், சிந்தல் இல்லாதவரை, குறைந்த எடை முழுவதும் தாளுக்குப் போன டோனர்தான். பிறகு கழிவு அறையைத் திறந்து, அதிலுள்ள தூளைத் தனியாக நிறுத்தால் உங்கள் விகிதம் கையில் வந்துவிடும்.

எழுத்து மங்குவதற்குக் காரணம் வேறு. அறை சிறிதாகும்போது, சுவரோடு ஒட்டிக்கிடக்கும் டோனரின் பங்கு மொத்தத்தில் கூடுகிறது. சதுர மூலைகள் இருந்தால் கலக்கியின் தகடு அங்கே எட்டாது. மங்கிய கார்ட்ரிட்ஜைக் கழற்றி, பக்கவாட்டில் நான்கைந்து முறை மெதுவாக அசைத்து மாட்டுங்கள்; அச்சு மீண்டும் கறுத்தால் பழி மூலைகள் மீதுதான். (பிரிண்டர் வைத்திருக்கும் எல்லாரும் ஒருநாள் கற்றுக்கொள்ளும் இந்த வித்தை, வடிவமைப்பாளரைப் பொறுத்தவரை ஒரு குற்றச்சாட்டு.) தரையை, கலக்கி சுழலும் வட்டத்தோடு ஒத்துப்போகும்படி வளைவாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின் நுனி சுவரை இலேசாகத் தடவிச் செல்லும்படி விடுங்கள். தகடு விறைப்பாக இருந்தால், டிரம்முக்கு டோனரைத் தரும் டெவலப்பர் ரோலரின் மேல் படலத்தை மெல்லிதாக்கும் டாக்டர் பிளேடை நோக்கி டோனரை இறுக்கித் தள்ளும். அப்போது ரோலரின் இரு முனைகளிலும் கசியும்.

டிரம் 24 மி.மீ.யிலேயே இருக்கட்டும். சுற்றளவு 94 மி.மீ.யிலிருந்து 75 மி.மீ.யாகக் குறைந்ததால் ஒரு ஏ4 பக்கத்துக்கு மூன்றுக்குச் சற்று மேல் இருந்த சுற்று நான்கை நெருங்கிவிட்டது. தேய்மானமும் அதற்கேற்பக் கூடும். ஆனால் வளைவு கூடியதால் தாள் தன் விறைப்பினாலேயே டிரம்மை விட்டு எளிதில் பிரியும். இன்னும் குறைத்தால் டிரம்முக்கு மின்னூட்டம் தரும் சார்ஜ் ரோலர், லேசர் விழும் இடைவெளி, டெவலப்பர் ரோலர், தாள் தொடும் இடம், வைப்பர் பிளேடு ஆகிய ஐந்துக்கும் சுற்றளவில் இடம் நெருக்கடியாகும்.

கழிவையே குறைக்க உருண்டைத் துகள்கள் கொண்ட பாலிமரைஸ்டு டோனருக்கு மாறலாம். அது தாளுக்கு இன்னும் முழுமையாக இடம்பெயரும். ஆனால் உருண்டைத் துகள் பிளேடுக்கு அடியில் உருண்டு நழுவும் என்பதால், பிளேடின் அழுத்தத்தையும் கோணத்தையும் மாற்றாமல் டோனரை மட்டும் மாற்றாதீர்கள். பிரிண்டரே சிறிதாவதால், டோனரை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் சூடான பகுதியான ஃபியூசரும் டோனர் அறைக்கு அருகே வந்துவிடும்; 55 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பல வகை டோனர்கள் இளகிக் கட்டிபிடிக்கத் தொடங்கும். அறையின் அந்தப் பக்கச் சுவரில் வெப்பமானி ஒட்டிப் பார்த்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் வார்க்கும் புது அச்சு வெட்டும் செலவுக்கு முன், இப்போதைய மாதிரியிலேயே டோனர் அறையின் மூலைகளில் வளைவான துண்டுகளை ஒட்டி, கழிவு அறையின் பின்சுவரை அறுத்து ஒரு பெட்டியை இணைத்து, ஒவ்வொரு பக்கமாக 1,500 பக்கம் ஓட்டிப் பாருங்கள். பெட்டிக்குள் தூள் எவ்வளவு தூரம் வந்து நிற்கிறதோ, கழிவு அறையின் பின்சுவரை அந்த இடத்துக்குச் சற்று அப்பால் வரையுங்கள்.