சோளத்தின் காலடியில் சிவப்புப் பூ

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் எங்கள் வீட்டின் பின்புறம் ஆறு வரிசை மக்காச்சோளம் போடுகிறேன். புரட்டாசி விரதம் முடிந்து, மழை பிடித்ததும் விதை ஊன்றுவது வழக்கம். மூன்று வருடமாகப் பொங்கல் நெருங்கும்போது பயிர் சோர்ந்துவிடுகிறது. காலையில் தண்ணீர் விட்டாலும் பத்து மணிக்கே இலை சுருண்டுபோகிறது. அடியில் ஒரு சாண் உயரத்தில் சிவப்புப் பூச்செடி கூட்டமாக முளைக்கிறது. அழகாக இருப்பதால் விட்டுவைத்து, பூவைச் சாமி படத்துக்கும் வைக்கிறேன். பக்கத்து வீட்டு ஜூலு அம்மையார் அதைப் பார்த்து 'இசோனா' என்று சொல்லித் தலையில் கைவைத்துக்கொண்டார். இது என்ன? மருந்து அடித்தால் போகுமா?

பதில்: அந்த அம்மையாருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. நீங்கள் சாமிக்கு வைப்பது சுடுமல்லிப் பூ. தாவரவியலில் ஸ்ட்ரைகா ஏசியாட்டிகா. ஆஃப்ரிகான்ஸ் பேசும் விவசாயிகள் ரோய்ப்ளோம், அதாவது சிவப்புப் பூ என்பார்கள். 1860 முதல் நம் முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்காக நேட்டாலுக்குக் கப்பல் ஏறினார்களே, அவர்கள் விட்டுவந்த தமிழ்நாட்டுக் கரும்புக் கொல்லைகளிலும் இதே களை உண்டு. அங்கே பெரும்பாலும் வெள்ளையாகப் பூக்கும், இங்கே சிவப்பு. நிறம் மாறினாலும் குணம் மாறவில்லை.

இலை பச்சையாக இருப்பதால் யாரும் இதைச் சந்தேகப்படுவதில்லை. மண்ணுக்குக் கீழேதான் திருட்டு நடக்கிறது. இதற்கென்று சொல்லிக்கொள்ளும்படி வேர் கிடையாது. சோள வேரில் ஒட்டி, அதைத் துளைத்து, தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. பயிர் நாள் முழுக்க வெயிலில் தாகத்தை அடக்க இலைத்துளைகளை மூடும். சுடுமல்லியோ தன் இலைத்துளைகளைத் திறந்தே வைத்துக்கொண்டு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் காலையில் விட்ட தண்ணீர் பத்து மணிக்குள் எங்கே போனது என்பதற்கு இதுதான் விடை. இதற்குப் பிறகும் தண்ணீரைக் கூட்டிப் பயனில்லை.

சந்தேகம் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். மிகவும் வாடிய ஒரு சோளச் செடியை, பக்கத்திலுள்ள பூச்செடிகளோடு சேர்த்து மண்கட்டியாகத் தோண்டுங்கள். பிடுங்கினால் இணைப்பு அறுந்துவிடும். ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மண்ணை மெதுவாக அலசுங்கள். சுடுமல்லியின் தண்டு மண்ணுக்குள் போகப் போக வெளுத்து, பச்சையே இல்லாத செதில்களோடு இறங்கி, சோள வேரில் ஒரு சிறு முடிச்சாக முடியும். வெளியே தலைகாட்டாத வெள்ளை முளைகளும் நிறைய இருக்கும். முதல் தடவை பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கியது. மண்ணைப் பிளந்து வருவதற்கு முன்பே நான்கு முதல் ஆறு வாரம் இது உள்ளே இருந்து தின்றிருக்கும். பூவைப் பார்க்கும்போது சேதத்தில் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

மருந்து பற்றிக் கேட்டீர்கள். 2,4-டி போன்ற களைக்கொல்லி வெளியே தெரியும் சுடுமல்லியைக் கருக்கும், விதை விழுவதைத் தடுக்கும், அவ்வளவுதான். காற்றில் அடித்துப்போய் உங்கள் கத்தரி, மிளகாய், டபுள் பீன்ஸ் எல்லாவற்றையும் முறுக்கிவிடும். ஆறு வரிசைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. கை போதும்.

ஆனால் பூ மலர்வதற்கு முன்பே பிடுங்குங்கள். பிடுங்குவதால் இந்த வருட மகசூல் திரும்பாது. நோக்கம் விதையைத் தடுப்பது. ஒரு செடி ஐம்பதாயிரம் விதை வரை போடும். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் நீளம், தூசி மாதிரி. மண்ணில் பத்து வருடத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். மூன்று வருடம் அழகுக்காக விட்டுவைத்ததில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம், தூக்கம் கெடும். பிடுங்கியதை உரக்குழியில் போடாமல், பை ஒன்றில் கட்டி உலர்த்தி எரித்துவிடுங்கள். வாரம் ஒருமுறை வரிசையில் நடந்தால் போதும். அறுவடைக்குப் பிறகும் நடக்க வேண்டும், ஏனென்றால் சோளத்தட்டை நிற்கும்வரை அதுவும் நிற்கும்.

இனி மண்ணில் சேர்ந்துவிட்ட அந்த விதைச் சேமிப்பைக் கரைக்கும் வழி. இந்த விதை மழை பெய்தவுடன் முளைப்பதில்லை. ஈரமும் சூடும் ஓரிரு வாரம் கிடைத்த பிறகு, பக்கத்தில் வேர் இருக்கிறது என்று மோப்பம் பிடித்தால்தான் முளைக்கும். பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் பயிர், தனக்கு உதவும் பூஞ்சையைக் கூப்பிட வேரிலிருந்து ஒரு பொருளைக் கசியவிடுகிறது. சுடுமல்லி அந்த அழைப்பை ஒட்டுக்கேட்டு எழுகிறது. வேடிக்கை என்னவென்றால், 1966இல் அந்தப் பொருளை முதலில் பிரித்தெடுத்தது பருத்தி வேர்க்கசிவிலிருந்து. பருத்தியில் இது ஒட்டவே முடியாது! முளைத்த விதை சில நாளுக்குள் ஏற்ற வேரைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். ஆக, எழுப்பிவிட்டுப் பட்டினி போடும் பயிரை நட்டால் விதை தானே அழிகிறது. 1956இல் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் இது கண்டுபிடிக்கப்பட்டபின், பிற்பாடு மண்ணுக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்தி இதே தந்திரத்தைப் பெரிய அளவில் செய்தார்கள். உங்களுக்கு வாயு வேண்டாம். நிலக்கடலை, சோயா, காராமணி, சூரியகாந்தி போதும்.

அடுத்த இரண்டு பருவம் அந்த இடத்தில் சோளம் வேண்டாம். கரும்பு, கம்பு, கேழ்வரகும் வேண்டாம். எல்லாம் ஒரே புல் குடும்பம். வரப்பில் முளைக்கும் புல்லையும் வளரவிடாதீர்கள். உங்கள் கட்ரா பீன்ஸ், பூசணி எல்லாம் தாராளமாகப் போடலாம், அவற்றை இது தொடாது. காராமணி வேரில் ஊதாப்பூ பூக்கும் வேறொரு சுடுமல்லி இனம் ஏறும் என்பதால் அதில் மட்டும் ஒரு கண் வையுங்கள்.

பிறகு சோளத்துக்குத் திரும்பும்போது மண்ணுக்குச் சத்தைக் கொடுங்கள். மணல் கலந்த, சத்தில்லாத மண்ணில்தான் இது கொழுக்கும். தழைச்சத்து கூடினால் அடங்கும். மக்கிய மாட்டு எருவை அடியுரமாக இட்டு, முழங்கால் உயரம் வந்ததும் லான் (LAN) என்ற தழைச்சத்து உரம் ஒரு கைப்பிடியைத் தண்டை விட்டுத் தள்ளித் தூவி, மண்ணைக் கிளறி மூடுங்கள். உரம் மட்டும் வேலை செய்யாது. பிடுங்குவதையும் மாற்றுப்பயிரையும் அதனோடு சேர்த்தால்தான் குறையும்.

பூவைச் சாமிக்கு வைத்தது பாவமில்லை. ஆனால் வாடிய பூவைத் தோட்டத்திலேயே வீசியிருந்தால், அந்த இடத்தை இந்தப் பருவம் முழுக்கக் கவனியுங்கள். பக்கத்து அம்மையாருக்கும் சோளப்பாத்தி இருந்தால், அவர் மண்வெட்டியைக் கடன் கேட்கும்போது முதலில் கழுவிவிட்டுக் கொடுங்கள்.