நீகாதாக்காரர்களின் ஓட்டு

ஐயா,

டோக்கியோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். 1955-ல் தொடங்கிய லிபரல் ஜனநாயகக் கட்சிதான் இங்கே ஏறக்குறைய எப்போதும் ஆள்கிறது. ஊழல் வெளிவந்தால் பிரதமர் தலைகுனிந்து விலகுகிறார், அதே கட்சியிலிருந்து இன்னொருவர் வருகிறார். என்னோடு வேலை செய்பவர்கள் அரசியலே பேசுவதில்லை. இவர்களுடைய கீழ்ப்படியும் குணம்தான் காரணமா? இந்தக் கட்சி எப்போதாவது வீழுமா?

அன்புள்ள தம்பி,

வீழுமா என்பதற்கு ஜோசியம் தெரிய வேண்டும். 1993-லும் 2009-லும் வீழ்ந்தது, திரும்ப வந்தது. 1994-ல் திரும்பியபோது, அத்தனை வருடம் எதிரே நின்ற சோஷலிஸ்ட் கட்சியின் முராயாமாவையே பிரதமராக்கிக்கொண்டு வந்தது. இது கிடக்கட்டும்.

'கீழ்ப்படியும் குணம்' என்கிறீர்களே, அங்கேதான் எரிச்சல் வந்தது. ஜனங்கள் ஏன் இப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்று புரியாவிட்டால் 'அவர்கள் குணம் அது' என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். படித்தவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள்.

கொஞ்ச நாளாக முன்னாள் பிரதமர் தனாகா காகுவேயின் நினைப்பாகவே இருக்கிறேன். லாக்ஹீட் விமான பேரத்தில் ஐம்பது கோடி யென் லஞ்சம் வாங்கினார் என்று 1983 அக்டோபரில் நீதிமன்றம் அவருக்கு நான்காண்டு சிறை விதித்தது. டிசம்பரில் தேர்தல். அவருடைய சொந்த ஊர்ப்பக்கமான, பனி கொட்டும் நீகாதாவின் மூன்றாம் தொகுதி அவருக்கு 2,20,000 ஓட்டுகளுக்கு மேல் போட்டு முதலிடத்தில் ஜெயிக்க வைத்தது. டோக்கியோ பத்திரிகைகள் தலையில் அடித்துக்கொண்டன.

ஒரு குளிர்காலத்தில் அந்தப் பக்கம், நாகாவோகாவில் இருந்தேன். ரோட்டின் நடுவே குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கிறார்கள். இன்றைக்கே அப்படி என்றால், சுரங்கப்பாதையும் நல்ல ரோடும் வருவதற்கு முன் மலைக் கிராமங்களில் பிரசவ வலி கண்டவளை எப்படிக் கொண்டுபோயிருப்பார்கள்? 1946-ல் முதல் தேர்தலில் தனாகா, மிகுனி மலையையே வெட்டித் தள்ளினால் பனி விழாது, அந்த மண்ணைக் கடலில் கொட்டிச் சாதோ தீவைக் கரையோடு ஒட்டவைக்கலாம் என்று பேசினாராம். சிரிப்பு வருகிறது இல்லையா? அந்தத் தேர்தலில் தோற்றார். அப்புறம் எட்சுசன்காய் என்று ஓர் ஆதரவாளர் சங்கம் கட்டி, ஊர் ஊராகக் கோரிக்கை வாங்கி டோக்கியோவுக்குக் கொண்டுபோனார். ரோடு வந்தது, சுரங்கம் வந்தது, 1982-ல் ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் வந்தது. அவருக்கு ஓட்டுப் போட்டவன் அடிமையா? கணக்குப் பார்த்தவன் ஐயா! அந்தக் கணக்கில் லஞ்சமும் இருந்தது, அவனுக்கும் தெரியும். எனக்கும் அது கசக்கத்தான் செய்கிறது. ஆனால் எதிர்க்கட்சி அவனுக்கு என்ன கொண்டுவந்தது? அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவேயில்லை.

வெளிநாட்டில் தனியாக இருந்துகொண்டு இதையெல்லாம் யோசிக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் உங்களிடம் பேசவில்லை என்றால் பேசுவதே இல்லை என்று ஆகிவிடுமா? ஆபீஸில் நீகாதாக்காரர் யாராவது வயதானவர் இருந்தால், சாப்பாட்டு நேரத்தில் தனாகா பெயரை மட்டும் சொல்லிப் பாருங்கள். மணி ஒன்றாகியும் அவரை நிறுத்த முடியாவிட்டால் எனக்கு எழுதுங்கள்.